வளையல் கீறல்

கருப்பு மட்டும் வேண்டாங்க தம்பி.

தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க போனை நான் எட்டிப் பார்க்கலை. இந்த சீட்டு ரெண்டு பேருக்குப் போட்டதா ஒண்ணரைப் பேருக்குப் போட்டதான்னே தெரியலை, உங்க போனு எம் மூஞ்சிக்கு முன்னாடிதான் இருக்குது. காருதானுங்களே பாக்கறீங்க? வெள்ளை எடுங்க, நீலம் எடுங்க. இந்தச் சாம்பல் கலரு இருக்குது பாருங்க, அது மகராசன், ஒரு மாசம் கழுவாட்டியும் காட்டிக் குடுக்காது. கருப்பு எடுத்தீங்கன்னா அன்னியிலிருந்து காரு மொதலாளி, நீங்க வேலையாளு. எடுத்தவன் சொல்றேன், கேட்டுக்கங்க.

எம் பேரு சென்னியப்பனுங்க. நம்பியூர்ல தவுடு, புண்ணாக்குக் கடை. மூணு வருசத்துக்கு முன்னாடி கருப்புக் காரு எடுத்தேன். காரை வெச்சுட்டு எதுக்குய்யா இந்த பஸ்ஸுல நசுங்கறேன்னு கேக்கறீங்க. கேக்கலையா? சேரி, கேட்டதா வெச்சுக்கங்க. காரு கோயமுத்தூர்ல ஒரு பாலிஷ் கடையில நிக்குது. இது ரெண்டாந்தடவை. ஒரு மணிக்குள்ள வந்து எடுத்துக்கங்க, நாளைக்கு ஞாயித்துக்கெழமை லீவுன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் இந்த ஓட்டம்.

இந்தக் காரால எந் தங்கச்சி எங்கூடப் பேசி மூணு வாரம் ஆச்சுங்க. தெய்வானைன்னு பேரு. சேவூர்ல இருக்கா, இந்த பஸ்ஸு அந்த வழியாத்தான் போகும். எங்கூடப் பொறந்தது அவ ஒருத்திதான். தெனமும் காலையில ஏழரைக்கு போன் பண்ணுவா, சாப்டாச்சுங்களாண்ணாம்பா, சாப்டேன்னுவேன், வெச்சுருவா. அவ்வளவுதான் பேச்சு. அது நின்னு போச்சு. இப்பவும் ஏழரை ஆனா நான் போனைப் பார்த்துட்டு உக்காந்திருக்கறேன். தப்பு யார் மேலன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க வெளியாளு, நடு நிலைமையாச் சொல்லுவீங்க.

மொதல்ல கீறலைச் சொல்லிப்போடறேன். சித்திரை மாசம் எந் தங்கச்சி அவ மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்க வந்தா. தாய்மாமனுக்குத்தானுங்களே மொதப் பத்திரிகை. எல்லாம் முடிஞ்சு கெளம்பறப்ப வாசல்ல நின்னு பேசிட்டிருந்தோம். அவ பாட்டுக்குக் காரு முன்பக்கத்துல கையை ஊனிட்டு நின்னா. பொம்பளைங்க வாசல்ல நின்னு பேசினா உங்களுக்கே தெரியும், அரை மணி நேரம். மக்யா நாள் காலையில வெயில்ல பார்க்கறேன், பானெட்டு பூராக் கீறல். கீறல்னா ஆணியில கிழிச்ச கீறல் இல்லீங்க. முடி மாதிரி. நெழல்ல பார்த்தா ஒண்ணுமே இல்லை, வெயில் பட்டா வட்ட வட்டமா, எட்டுக்கால் பூச்சி கூடு கட்டின மாதிரி.

வட்டமா இருக்குதுங்களா? வளையலும் வட்டம். நேத்துக் கையை ஊனினது யாரு? கணக்கு நேராப் போகுதா இல்லையா? உடனே போனைப் போட்டேன். கோவிச்செல்லாம் பேசலை. "அம்மிணி, உன் வளையல் பட்டுக் காரெல்லாம் கீறலாப் போச்சு, இனிமேப் பதனமாத் தள்ளி நில்லு"ன்னேன். அவ, "வளையலுங்களா?"ன்னா. அப்பறம், "தெரியாமப் பட்டிருக்கும்ணா"ன்னா. அதோட சேரி. அடுத்த வாரம் சீலை எடுக்கப் போறதுக்கு வந்தப்ப பாருங்க, வாசலுக்கே வரலை, ரோட்டுலயே நின்னு எஞ் சம்சாரத்தைக் கூப்பிட்டா. எத்தனை பக்குவம் பாருங்க. ஒருதடவை சொன்னாப் போதும் அவளுக்கு.

இனி பொண்ணைச் சொல்லோணும். தாரணின்னு பேரு. எங்களுக்குப் பிள்ளை இல்லீங்க. அதை விடுங்க, அது பழைய கதை. தாரணி ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் எங்க வீட்லதான் இருந்து படிச்சா. எங்கிட்ட ஒரு டிவிஎஸ் பிப்டி இருக்குது, கடைக்குப் புண்ணாக்கு மூட்டை ஏத்தற வண்டி. முன்னால ஒரு மூட்டை, பின்னால தாரணி, அப்படித்தான் அஞ்சு வருசம் பள்ளிக்கூடம் போனா. சட்டையெல்லாம் தவுடு வாசம் அடிக்குதுன்னு பிள்ளைங்க கிண்டல் பண்ணுதுங்கன்னு அழுவா, அடுத்த நாளு மறுபடி ஏறிக்குவா.

எங்க பக்கத்துல பொண்ணழைப்புன்னா, பொண்ணை வீட்லயிருந்து மண்டபத்துக்குக் கூட்டிட்டு வர்றது தாய்மாமன். அப்பன் கூட இல்லை. அந்தக் காலத்துல மாமன் வண்டி மாட்டைப் பூட்டிட்டு வருவான், இப்பக் காரு. தாரணிக்கு மூணு வயசிருக்கும்போதே நான் எங்க தெய்வானைகிட்டச் சொல்லிப்போட்டேன், இவளை என் வண்டியிலதான் கூட்டிட்டுப் போவேன்னு. காரு எடுத்ததே பாதி அதுக்குத்தான். அப்ப அந்தக் காரு எப்படி இருக்கோணும்? பொண்ணு எறங்கறப்பச் சீலைக் கரை அதுல தெரியோணும். கீறலோட போயி நிக்க முடியுங்களா?

சேரி, நாமளே பண்ணிருவோம்னு எறங்கினேன். போனுல ஒருத்தன் பண்ணிக் காட்டறான், பார்த்தா தோசை ஊத்தற மாதிரி லேசா இருக்குது. கீறல் எடுக்கற பசை ஒரு டப்பா வாங்கிட்டு வந்தேன். பழைய வேட்டியைக் கிழிச்சு, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு, நல்ல வெளிச்சமா இருக்குதேன்னு வெயில்லயே நிறுத்தி ஆரம்பிச்சேன். பானெட்டு தோசைக்கல்லாக் கெடக்குது. பசையை வெச்ச ஒடனே சிமெண்டு மாதிரிப் புடிச்சுக்கிச்சு. தேய்க்கறேன் தேய்க்கறேன், ரெண்டு மணி நேரம் தேய்ச்சேன். கடைசியில கீறலைக் காணோம். ஏன்னா காரே மங்கலாப் போச்சு, மார்கழி மாசத்துக் கண்ணாடியாட்ட. எஞ் சம்சாரம் சம்பூரணம் காப்பியக் கொண்டாந்து வெச்சுட்டு, "இந்தத் தேய்ப்பை எம் முதுகுல தேய்ச்சிருந்தா முதுகு வலியாவது போயிருக்கும்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. சிரிக்காதீங்க தம்பி. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலை.

அதுக்கப்பறந்தான் கோயமுத்தூர்க் கடை. லூர்துராஜ்னு ஒருத்தர் வெச்சிருக்காரு, என்னை விடப் பத்து வயசு கம்மி இருக்கும், கம்மியாப் பேசற மனுசன். காரை உள்ள விட்டு, லைட்டெல்லாம் அணைச்சுப்போட்டு, கையில ஒரு டார்ச்சை வெச்சுட்டு டாக்டர் மாதிரிச் சுத்தி வந்தாரு. பானெட்டுல மட்டுமில்லை, கதவு, கூரை, பின்னால டிக்கி, எல்லாப் பக்கமும் அதே வட்டம். "தெனமும் தொடைப்பீங்களா?"ன்னாரு. பெருமையாச் சொன்னேன், காலையில எந்திரிச்சதும் மொத வேலை அதுதான், பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி, பழைய வேட்டித் துணியில சுத்திச் சுத்திப் பளபளன்னு தொடைப்பேன்னு. "தண்ணி ஊத்தாமயா?"ன்னாரு. தண்ணி எதுக்குங்க, வெறுந்தூசிதானேன்னேன். அவரு டார்ச்சை அணைச்சுட்டாரு. "அந்தத் தூசிதான் கீறுதுங்க. தூசியோட சேர்த்துத் தேய்ச்சா உப்புத்தாள்ல தேய்க்கற மாதிரி. இது வேற யாரும் போட்டதில்லை, நீங்களே போட்டது"ன்னாரு.

அவரு தொழில்காரரு, சொல்லட்டும். நான் மூணு வருசமாத் தொடைக்கறேன், எனக்குத் தெரியாதா எங் கையி? ஆனாக் கூரையில எப்படி வந்துச்சுன்னு ரோசனை பண்ணினேன். தெய்வானை கூரை மேல கை ஊனலையே. எட்டவும் எட்டாது அவளுக்கு. அப்பவே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாந்தான். கல்யாண வேலையில இருக்கறவகிட்டப் போயி, அம்மிணி உன் வளையல் இல்லைன்னு சொல்லிட்டிருக்க முடியுங்களா? அதும் எம் மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுல்ல. முடிஞ்சதைக் கிளறுவானேன்னு விட்டுட்டேன்.

அவரு இன்னொண்ணும் சொன்னாரு, நீங்க காரு வாங்கப் போறீங்க, கேட்டுக்கங்க. பாலிஷ் போட்டாக் கீறலை அடைச்சுருவாங்கன்னு நாம நெனைக்கறோம். அப்படி இல்லையாம். கலருக்கு மேல கண்ணாடியாட்ட மெல்லிசா ஒரு தோலு இருக்குதாம். கீறல் எத்தனை ஆழமோ அத்தனை ஆழத்துக்குச் சுத்தி இருக்கறதைச் சீவி விட்டுருவாங்களாம், மட்டமாப் போயிரும், கீறல் தெரியாது. "அதனால நெனச்சப்பெல்லாம் சீவ முடியாதுங்க, தோலு தீர்ந்துரும்"ன்னாரு. சீவினதுக்கப்பறம் மேல ஒரு மருந்து பூசறாங்க, கோட்டிங்கு. அது இறுகறதுக்கு ஏழு நாளு. ஏழு நாளைக்குத் தண்ணி படக்கூடாது, எதையும் ஒட்டக்கூடாது, போர்வை போர்த்தக்கூடாது. "வீட்ல விசேசம் ஏதாவது இருந்தா முடிஞ்சப்பறம் வாங்க"ன்னு கூடச் சொன்னாரு. நான் விசேசத்துக்குத்தானுங்க பண்றதேன்னேன். வேட்டியும் பசையுமா நான் வீணாக்கின நாளு போக மிச்சம் இருந்ததே அந்த வாரந்தான். புதன் விட்டு, வியாழன் பொழுதோட காரு கையில வந்துச்சு. ஞாயித்துக்கெழமை பொண்ணழைப்பு, திங்கள் முகூர்த்தம்.

காரு எப்படி இருந்துச்சுங்கறீங்க? குனிஞ்சா எம் மூக்கு முடி தெரிஞ்சுதுங்க. மூணு வருசத்துல எடுத்த அன்னிக்குக் கூட அப்படி இல்லை. வீட்டுக்கு வர்ற வழியில வேப்பமரத்தடியில எல்லாரும் வண்டிய நிறுத்துவாங்க, நான் நிறுத்தலை. காக்காய் பறந்தாலே நெஞ்சு அடிச்சுக்குது.

வீட்டுக்கு வந்து உக்காந்து ரோசனை பண்றேன், பொண்ணழைப்புக் காருக்கு என்னென்ன பண்ணுவாங்கன்னு. பூ ஒட்டுவாங்க, செலோ டேப்புலதான் ஒட்டுவாங்க. அதை உரிச்சா மேல பூசினது ஒட்டுக்கா வந்துரும். சந்தனம் பூசுவாங்க, குங்குமம் வெப்பாங்க. ஆரத்தி சுத்திச் சிவப்புத் தண்ணியச் சக்கரத்துல ஊத்துவாங்க, தெறிக்கும். தேங்காய் ஒடைப்பாங்க, சில்லு பறக்கும். பிள்ளைங்க கூடிக் கைய வெச்சு எழுதுங்க. எல்லாத்தையும் ஒரு காயிதத்துல எழுதி, தெய்வானைக்கு போன் பண்ணி ஒண்ணொண்ணாப் படிச்சேன். பூ வேண்டாம், டேப்பு ஆகவே ஆகாது, சந்தனம் வேண்டாம், ஆரத்தியைப் பத்தடி தள்ளிச் சுத்தட்டும், யாரும் கிட்ட வரப்படாது, தாரணி ஏறுறப்பக் கதவை நானே தெறந்து விடறேன், ஒட்டியாணம் ஒரசாமப் பார்த்துக்கட்டும்.

அவ குறுக்கப் பேசவே இல்லை, பூரா கேட்டா. கேட்டுட்டு, "அண்ணா, காரு வீட்லயே இருக்கட்டுங்க. நீங்க வந்தாச் சேரி"ன்னா.

எனக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க, பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு. எந் தங்கச்சி மாதிரிப் புரிஞ்சுக்கற ஆளு ஊர்ல கெடையாதுன்னு சம்பூரணத்துகிட்டச் சொன்னேன். அவ என்னை ஒரு பார்வை பார்த்துட்டு உள்ள போயிட்டா. அவளுக்கு எங்க குடும்பத்துப் பேச்செல்லாம் அவ்வளவாப் புரியாதுங்க.

ஞாயித்துக்கெழமை காரைச் செட்டுக்குள்ள நிறுத்தினேன். காக்காய்த் தொல்லை வேற. எதுக்கும் இருக்கட்டும்னு போர்வையைப் போர்த்திட்டேன். லூர்துராஜ் வேண்டாம்னாரு, ஆனா அவரு ஊர்ல காக்காய் கம்மி. சம்பூரணம் சீர்த்தட்டெல்லாம் எடுத்துட்டு மத்தியானமே தெய்வானை வீட்டுக்கு பஸ்ஸுல போயிட்டா. நான் கடையைச் சாத்திட்டு டிவிஎஸ்ஸுல நேரா மண்டபத்துக்குப் போயிட்டேன். பொண்ணைக் கூட்டிட்டு வர வேற காரு சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். காரு இல்லாத மாமனுக்கு வீட்ல என்ன வேலை? மண்டபம் அவங்க வீட்லயிருந்து நாலு கிலோமீட்டரு.

மண்டபத்து வாசல்ல மாப்பிள்ளையோட பெரியப்பா ஒருத்தரு வந்து எறங்கினாரு. அவருதும் கருப்பு. விடுவனுங்களா? போன் லைட்டைப் போட்டு அவரு காருல இருக்கற கீறலையெல்லாம் ஒண்ணொண்ணாக் காட்டிட்டிருந்தேன். மனுசன் அரண்டு போயிட்டாரு பாவம். மணி நாலு. அப்ப சம்பூரணம் கூப்பிடறா. "ஏனுங்க, எங்க இருக்கறீங்க? புள்ள காருல ஏற மாட்டேங்குது. மாமா வரட்டும்னு உக்காந்திருக்குது."

ஞாயித்துக்கெழமை நாலரைக்கு ராகு காலம் புடிச்சுக்கும் தம்பி. அதுக்கு முன்னாடி பொண்ணு மண்டபத்துல கால் வெக்கோணும். இல்லைன்னா ஆறு மணி வரைக்கும் அத்தனை சனமும் வாசலைப் பார்த்துட்டு உக்காந்திருக்கோணும், மாப்பிள்ளை வீட்ல ஆளுக்கொண்ணு பேசுவாங்க. டிவிஎஸ்ஸை முறுக்கினேன். அந்த வண்டி ஓடற ஓட்டத்துக்கு அதை முறுக்கினாலும் ஒண்ணுதான், முறுக்காட்டியும் ஒண்ணுதான்.

போயிப் பார்க்கறேன். வாசல்ல ஒரு வெள்ளைக் காரு, பூவெல்லாம் ஒட்டி, ஏசி போட்டு நிக்குது, டிரைவர் கதவைத் தெறந்து புடிச்சிட்டு நிக்கறான். பக்கத்துல பிளாஸ்டிக் சேருல தாரணி. பட்டுச்சீலை, தலை நெறையாப் பூ, ஒட்டியாணம், ஆரம். கல்யாணப் பொண்ணு இல்லைங்க அது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருக்குமே, அதே மூஞ்சி. நான் வண்டியை நிறுத்தி வாயைத் தெறக்கலை, அதுக்குள்ள எந்திரிச்சு வந்து, சீலையைச் சுருட்டிப் புடிச்சுட்டு, பின்னால ஒரு பக்கமா ஏறி உக்காந்துக்கிச்சு. "போலாம் மாமா"ன்னுச்சு. எங்க மாப்பிள்ளை, தெய்வானை வீட்டுக்காரரு, "ஏங்கண்ணு, இதுலயா"ன்னாரு.

தெய்வானை மட்டும் கிட்ட வந்தா. அந்த வெள்ளைக் காருல இருந்து ஒரு சரம் பூவைப் பிச்சா. கையில செலோ டேப்பு. டிவிஎஸ் மூஞ்சியில அந்தப் பூவை வெச்சு, டேப்பைக் கிழிச்சுக் கிழிச்சு நாலு பக்கமும் ஒட்டினா. சந்தனத்தை எடுத்து வண்டி பூராப் பூசினா. ஆரத்தித் தண்ணியச் சக்கரத்துலயே ஊத்தினா. எல்லாம் பண்ணறப்ப வண்டியப் பார்க்கலைங்க, எம் மூஞ்சியவே பார்த்துட்டுப் பண்ணினா. அது எதுக்குன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியலை.

பதினஞ்சு நிமிசம் இருந்துச்சு. பின்னால அந்த வெள்ளைக் காருல சம்பூரணமும் சீர்த்தட்டும் ஏசியில வருது. தாரணி எந் தோளைப் புடிச்சுக்கிச்சு. கொஞ்ச தூரம் போனதும் காதுகிட்டக் குனிஞ்சு, "மாமா, இந்த வண்டியை என்னிக்காவது தொடைச்சிருக்கறீங்களா?"ன்னுச்சு. இதையா, இதை எவன் தொடைப்பான், மூட்டை ஏத்தற வண்டின்னேன். "கீறல் ஒண்ணுமே இல்லை பாருங்க"ன்னுச்சு. அது அந்தக் காலத்துப் பெயிண்டு கண்ணு, கெட்டிப் பெயிண்டு, இப்பெல்லாம் அப்படி எவனும் அடிக்கறதில்லைன்னேன். அதுக்கு அந்தப் புள்ள சிரிச்ச சிரிப்பு இருக்குதே, வண்டியே ஆடுச்சு. என்னத்துக்குச் சிரிச்சுச்சோ. சிரிச்சு முடிச்சுட்டு எந் தோள்ல தலையச் சாய்ச்சுக்கிச்சு. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. ஆமா, அழுதேன், இதுல என்ன இருக்குது. அவசரத்துல ஹெல்மெட்டைக் கழட்ட மறந்திருந்தேன், அதனால யாருக்கும் தெரியலை.

நாலு இருபத்தேழுக்கு மண்டபத்துல கால் வெச்சோம். போட்டோக்காரன் கீழ படுத்து எடுத்தான். கல்யாண ஆல்பத்துல மொதப் பக்கம் அதுதான், மாமன் ஹெல்மெட்டோட நிக்கறேன். தாரணி மாமியார் வீட்ல அதைப் பெருசாக்கி மாட்டியிருக்காங்களாம்.

எல்லாம் நல்லாத்தானுங்களே முடிஞ்சுது? மாமன் வந்தான், மாமன் வண்டியில பொண்ணு வந்துச்சு. ஆனாத் தெய்வானை அன்னிக்கு இருந்து எங்கிட்ட வெளியாள்கிட்டப் பேசற மாதிரி, "வாங்க, சாப்பிடுங்க"ன்னதோட சேரி. அண்ணான்னு கூட வரலை. ஏழரை மணி போனும் இல்லை. நான் காரைக் குடுக்க மாட்டேன்னு சொன்னனா? சொல்லவே இல்லை. நாலு வெசயம் பார்த்துக்கங்கன்னேன், அவ்வளவுதான். அவளே வேண்டாம்னா. இப்பச் சொல்லுங்க, தப்பு யார் மேல?

சொல்ல மாட்டேங்கறீங்க. சேரி விடுங்க. காரு கதையாவது கேளுங்க. திங்கக்கெழமை பொழுதோட வந்து போர்வையை எடுக்கறேன், போர்வையோட மடிப்பு, தையல், எல்லாம் அப்படியே பானெட்டுல பதிஞ்சு கெடக்குது. உள்ள வேர்த்து ஈரம் கோத்துப் பொட்டுப் பொட்டா வெள்ளை வேற. மறுபடி லூர்துராஜ். மறுபடி டார்ச்சு. "மறுபடியும் சீவறேன். இதுக்கு மேல தோலு தாங்காதுங்க, இதோட விட்டுருங்க"ன்னாரு. அப்பறம், "கோட்டிங்கு போட்டாக் கீறல் வராதுன்னு இல்லைங்க. நீங்க தொடைக்கறதை விட்டாத்தான் வராது"ன்னாரு. சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்தேன். இந்த வாட்டி எல்லாம் முடிஞ்சு, வெயில்ல நிறுத்தி என் கண்ணால பார்த்துத்தான் எடுக்கோணும்.

ஒரு நிமிசம் தம்பி, போனு. தாரணிதான்.

சொல்லு கண்ணு. பஸ்ஸுல. கோயமுத்தூருக்கு, காரு எடுக்க. ஓ, இன்னிக்கே ரெண்டு பேரும் கெளம்பறீங்களா? ஓசூருக்கேவா? மாப்பிள்ளைக்கு லீவு முடிஞ்சு போச்சா. எத்தனை மணிக்கு? இல்லை கண்ணு, ஒரு மணிக்குக் கடையைச் சாத்திருவாங்க. இப்ப சேவூர் வந்துட்டுத்தான் இருக்குது. பின்னால யாரு பேசறது? அம்மாவா? என்ன சொல்றா? மாமாவுக்கு வேலை இருக்கும், விடுங்கறாளா? கண்ணு, போனை அம்மாகிட்டக் குடு. குடு சொல்றேன்.

அம்மிணி. வெச்சுறாத. எனக்கு ஒண்ணும் வேலை இல்லை. இந்தா, கேளு. அந்தக் கீறல் இருக்குதுல்ல, அது உன் வளையல் இல்லம்மிணி. நான்தான். காஞ்ச துணியில தொடைச்சுத் தொடைச்சு நானேதான் போட்டிருக்கறேன். கடைக்காரரு அப்பவே சொல்லிப்போட்டாரு. நாந்தான் சொல்லலை.

என்னது? எப்படித் தெரியும்?

ம்.

ம்.

ஏம்மிணி அப்பவே சொல்லலை? ம். சேரி, வெய்யி.

தம்பி, என்ன சொன்னான்னு தெரியுங்களா? "தெரியும்ணா"ங்கறா. எப்படித் தெரியும்னா, "அன்னிக்கு எங் கையில தங்க வளையலே இல்லைங்ணா. தாரணிக்கு ஆரம் பண்ண ஆசாரிகிட்டக் குடுத்திருந்தேன். பத்திரிகை வெக்க வந்தப்ப ரெண்டு ரப்பர் வளையலோட வந்தேன்"ங்கறா. ஏம்மிணி அப்பவே சொல்லலைன்னேன். "நீங்க பார்த்திருப்பீங்கன்னு நெனச்சேன்"ங்கறா.

அரை மணி நேரம் நின்னு பேசினோம் தம்பி. அவ கை எங் கண்ணு முன்னாலதான் இருந்துச்சு. டார்ச்சு அடிச்சு முடி முடியாக் கீறலைப் பார்த்தவன், எந் தங்கச்சி பொட்டுத் தங்கமில்லாத கையோட வந்ததைப் பார்க்கலை. அப்பறம் போன் பண்ணி, வளையல் பட்டுருச்சுன்னு சொல்லியிருக்கறேன் நானு. அவ ஆமா பட்டிருக்கும்னு வாங்கிக்கிட்டா. தப்பு யார் மேலன்னு உங்களைப் போயிக் கேட்டனே.

கண்டக்டரே, சேவூரு ஒண்ணு எறங்கோணும். டிக்கெட்டு கோயமுத்தூருக்குத்தாங்க, இருந்துட்டுப் போகுது, நிறுத்துங்க. சோறு ஆக்கிட்டு இருக்கறாளாம், எனக்கும் சேர்த்துப் போட்டிருக்கறாளாம். அண்ணான்னு சொன்னா தம்பி, கேட்டீங்கல்ல, ரெண்டு வாட்டி சொன்னா.

அந்தக் காலைக் கொஞ்சம் நகட்டுங்க. ஏனுங், நீங்க கோயமுத்தூர்தானுங்களே போறீங்க? அவினாசி ரோட்டு மேலயேதான் கடை, லூர்துராஜ்னு கேட்டாச் சொல்லுவாங்க. சென்னியப்பன் திங்கக்கெழமை வருவாருன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, புண்ணியமாப் போகும். காரு வாசல்லதான் நிக்கும், கருப்பு, நீங்களே பார்ப்பீங்க. வெயில்ல நின்னுச்சுன்னா ஒரு சுத்துச் சுத்திப் பாருங்க. கையில மட்டும் தொட்டுறாதீங்க. கீறல் கண்ணுல பட்டா, பட்டா என்ன, எங்கிட்டச் சொல்ல வேண்டாம்.